கழுவிய காற்று

அரிப்பு மணிக்கட்டோடு நின்றிருந்தால் சோப்புத்தூளின் வேலை என்று அஞ்சுகம் சமாதானம் ஆகியிருப்பாள். சோப்புத்தூள் மேல் பழி போடுவது சுலபம், அது திருப்பிப் பேசாது. ஆனால் அரிப்பு முழங்கை மடிப்புக்கு ஏறி, அங்கிருந்து வியர்வை துடைத்த கழுத்துக்கும் போய்விட்டது. கொசு கடித்த இடத்தைச் சொறிந்தால் ஒரு சுகம் உண்டு. வேர்க்குருவைச் சொறிந்தால்கூட அந்த நேரத்துக்கு அடங்கும். இது சொறியச் சொறிய உள்ளே இறங்குகிற அரிப்பு. தோலுக்கு மேலே பார்த்தால் ஒன்றும் இல்லை, சரியான சிவப்புகூட இல்லை, உள்ளே மட்டும் யாரோ ஊசியால் தைத்துக்கொண்டே போகிறார்கள். இது எனக்குத் தெரிந்த அரிப்பு என்று கை சொன்னது. பேசாமல் இரு என்று அவள் கைக்குச் சொன்னாள். கட்டிலில் இதழினி வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். நாலு வயது. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குக் கீழே குழி விழுந்து விழுந்து எழுந்தது. போகியன்று காலையில், தெருவெல்லாம் டயரும் பழைய பாயும் எரிந்த புகையில் ஆரம்பித்த இழுப்பு, பொங்கல் போய், மாட்டுப்பொங்கல் போய், இன்று காணும் பொங்கலாகியும் விடவில்லை. தலைமாட்டில் ஸ்டூல் மேல் ஏர் ப்யூரிஃபையர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் முழுப்பெயரைச் சொல்ல வீட்டில் யாருக்கும் பொறுமை இல்லை, மெஷின் என்றால் அதுதான். அதன் நெற்றியில் ஒரு விளக்கு. சிவப்பு என்றால் காற்று கெட்டது, நீலம் என்றால் சுத்தம். இப்போது நீலம். நேற்றுக் கழுவி இன்று மதியம்வரை மொட்டைமாடியில் காயவைத்த ஃபில்டரைக் குழந்தை தூங்கிய பிறகு, சத்தம் வராமல், கொஞ்ச நேரம் முன்னால்தான் உள்ளே மாட்டினாள். மாட்டிய கைதான் இப்போது அரிக்கிறது.

கழுவியது தப்பா? யார்தான் கழுவவில்லை? கொரோனா சமயத்தில் ஒருமுறை போட்டுத் தூக்கி எறி என்று சொன்ன மாஸ்க்கைத் திருவொற்றியூரே துவைத்துக் கொடியில் காயப்போட்டது. ஸ்வீட் வந்த டப்பாவைக் கழுவி மிளகாய்த்தூள் போடுகிறோம், ஐஸ்கிரீம் வந்த டப்பாவில் இட்லி மாவு இருக்கிறது, ஏசி சர்வீஸுக்கு வருகிறவர் உள்ளேயிருந்து வலையை உருவிக் குழாயடியில் பீச்சி அடித்துவிட்டு மாட்டிப் போகிறார். கழுவினால் எதுவும் புதுசாகிவிடும் என்றுதானே வளர்ந்தாள். போன வருஷம் டாக்டர், இவளுக்கு நெஞ்சு கொஞ்சம் டெலிகேட், ரூமில் ஒரு ஏர் ப்யூரிஃபையர் வைத்துவிடுங்கள் என்று, ஒரு முழம் பூ வாங்கி வையுங்கள் என்பதுபோல் சொன்னார். அதற்கு முன்னால், வீட்டில் நாய் உண்டா, பூனை உண்டா, புறா வருமா என்று கேட்டார். புறா வராது டாக்டர், புகை வரும், கரி வரும், ஜன்னலில் விரலை வைத்து இழுத்தால் மை மாதிரி வரும் என்று அவள் சொன்னாள். அவர் சிரித்தார். சிரிக்கிற இடமா அது. அவருடைய கிளினிக் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வேப்பமரம் நிற்கிறது. மெஷின் வந்தது, ஓடியது, சிவப்பு நீலமாயிற்று, குழந்தை தூங்கினாள், அவளும் தூங்கினாள். அதுவரை நல்லதுதான். அப்புறம் ஃபில்டர் சாம்பல் நிறமாயிற்று. வீட்டுக்காரர் மோகனவேல் புது ஃபில்டர் என்ன விலை என்று ஃபோனில் பார்த்துவிட்டு ஃபோனையே கவிழ்த்து வைத்தார். நான் கழுவித் தரேங்க என்று சொன்னது இவள்தான். அன்றைக்கு அது கெட்டிக்காரத்தனம். நாத்தனாரிடம்கூடச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டார், எங்க வீட்ல எதையும் வேஸ்ட் பண்ண மாட்டா என்று. இதற்கு முன்னால் இரண்டு தடவை தண்ணீரில் முக்கி எடுத்ததோடு சரி. இந்தத் தடவை போகிப்புகை அப்பி ஃபில்டர் அடுப்புக்கரி மாதிரி இருந்தது. சோப்புத்தூளில் ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷை வைத்து மடிப்பு மடிப்பாகத் தேய்த்து, இன்று காய்ந்ததும் மறுபடி தேய்த்து, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் நாலு தட்டுத் தட்டி, மார்போடு அணைத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினாள். தட்டியபோது வெயிலில் ஏதோ மினுங்கியது. தூசி என்று நினைத்தாள். தூசி மினுங்குமா என்று அப்போது தோன்றவில்லை.

மினுங்கும். நைனாவின் சட்டையில் மினுங்கும். வேண்டாம், அங்கே போகாதே என்றாள், ஆனால் மனசு எப்போது சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறது. அவளுடைய அப்பா வேதகிரி, அவள் நைனா என்றுதான் கூப்பிடுவாள், பாய்லர் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆள். கொதிக்கிற குழாய்களின் மேல் கண்ணாடிப் பஞ்சைச் சுற்றிக் கம்பி கட்டுகிற வேலை. சின்னப் பிள்ளைக்குக் கேட்க எவ்வளவு நன்றாக இருக்கும், கண்ணாடியில் பஞ்சு. சாயங்காலம் மற்ற வீட்டு அப்பாக்கள் தெருமுனையில் வரும்போதே பிள்ளைகள் ஓடிப்போய்த் தொத்திக்கொள்ளும். இவளும் ஓடுவாள். நைனா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, யாரோ துப்பாக்கியை நீட்டிய மாதிரி நிற்பார். "தொடாத. தள்ளி நில்லு." அதட்டல்தான், கொஞ்சல் எல்லாம் கிடையாது. பின்கட்டில் அம்மா பக்கெட் பக்கெட்டாகப் பச்சைத் தண்ணீரை ஊற்றுவாள், தேய்க்கக் கூடாது, தேய்த்தால் அந்தப் பஞ்சின் கண்ணாடித் தூள் தோலுக்குள் ஏறும், சுடுதண்ணீர் ஆகவே ஆகாது. மார்கழிக் குளிரிலும் பச்சைத் தண்ணீர்தான். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். குளித்து, தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, இப்போ வா என்று கூப்பிடுவார். அதற்குள் இவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டிருப்பாள். கூப்பிட்டால் அசைய மாட்டாள். ஒருநாள் கோபம் என்றால் பரவாயில்லை, அதுவே வழக்கமாகி, கல்யாணம் ஆகிப் போகிறவரை அவர் மடியில் அவள் உட்கார்ந்ததாக ஞாபகம் இல்லை. காரணம் பிறகு தெரிந்தது. புத்திக்குத்தான் தெரிந்தது. காரணம் தெரிந்துவிட்டால் மனசு ஆறிவிடும் என்று யார் சொன்னது? அவருடைய சட்டைக்குத் தனி பக்கெட் உண்டு. ஒருமுறை அம்மா அவசரத்தில் இவளுடைய பள்ளிக்கூடப் பாவாடையை அதே பக்கெட்டில் அலசிவிட்டாள். அன்றைக்கு வகுப்பில் தொடையிலிருந்து இடுப்புவரை இதே அரிப்பு, இதே தையல். டீச்சர் பார்த்துவிட்டுச் சொறி சிரங்கு என்று கடைசி பெஞ்சில் தனியாக உட்காரவைத்தாள். அன்றைக்குக் கற்றுக்கொண்டது கணக்கோ தமிழோ அல்ல, இந்த அரிப்பைத்தான். இதை மறக்கும் உடம்பு அவளிடம் இல்லை.

குழாயடிக்குப் போய் மூன்றாம் முறையாகக் கையைப் பச்சைத் தண்ணீரில் காட்டினாள், தேய்க்காமல். குறையவில்லை. திரும்பி வந்து கட்டிலுக்கு எட்டத் தரையில் உட்கார்ந்து ஃபோனை எடுத்தாள். ஃபில்டரை எதனால் செய்கிறார்கள் என்று கேட்டதும் ஃபோன் சளைக்காமல் பதில் சொன்னது. சிலது பிளாஸ்டிக் நாரால். சிலது கண்ணாடி நாரால். சிலவற்றில் கிருமி வராமலிருக்க ஏதோ மருந்து பூசியிருக்கும், அந்த மருந்தைப் பற்றி இன்னொரு சண்டை. நம்முடையது எது என்றால் அதற்குத் தெரியாது. கண்ணாடி நார் என்றால் ஆபத்தா என்று கேட்டாள். ஒருவர், பயப்பட ஒன்றும் இல்லை, நார் காகிதத்தோடு ஒட்டியிருக்கும், கழன்று வராது என்றார். கழுவினால்? தேய்த்தால்? சுவரில் நாலு தட்டுத் தட்டினால்? அதைப்பற்றி அவருக்குக் கவலை இல்லை, அவருடைய ஊரில் யாரும் ஃபில்டரைக் கழுவுவதில்லை போலிருக்கிறது. இன்னொருவர், தொண்டை கரகரக்கும், இருமல் வரும், ஏற்கெனவே இழுப்பு உள்ளவர்கள் கவனமாக இருப்பது நல்லது என்றார். கவனமாக இருப்பது நல்லது. இதைச் சொல்லத் தெரியாதவன் எவன்? எத்தனை பேர் படித்து எத்தனை ஆராய்ச்சி செய்து கடைசியில் அவள் அம்மா சொல்லியிருக்கக்கூடிய வார்த்தைக்கு வந்து நிற்கிறார்கள். மூன்றாவதாக ஒன்று, வேறு மாதிரி மெஷின் வாங்கச் சொல்லி விளம்பரம் போட்டது. அதில் ஒரு குழந்தை சிரித்தது. எல்லா மெஷினுக்கும் ஒரு குழந்தை சிரிக்கிறது. ஃபோனை அணைத்துவிட்டு இதழினியின் மூச்சைக் கேட்டாள். உள்ளே போகும்போது ஒன்றுமில்லை, வெளியே வரும்போது கதவு இடுக்கில் காற்றுப் போகிற மாதிரி ஒரு சின்ன விசில். ஃபில்டரை மாட்டுவதற்கு முன்னால் இந்த விசில் இவ்வளவு இருந்ததா? இருந்தது. இல்லை, குறைந்திருந்தது. காலையில் இட்லி சாப்பிட்டாள், பொம்மையைக் குளிப்பாட்டினாள், சிரித்தாள்கூட. இல்லை, அது மருந்து கொடுத்த தெம்பு. அப்படியானால் இப்போது மருந்து வேலை செய்யவில்லையா? இல்லை மருந்து ஒரு பக்கம் இழுக்க, மெஷின் இன்னொரு பக்கம் இழுக்கிறதா? மெஷின் காற்றை நேராக முகத்தில் ஊதட்டும் என்று ஸ்டூலைத் தலைமாட்டில் போட்டதும் அவள்தான். மோகனவேலைக் கூப்பிட்டாள். அவர் நாத்தனாரின் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போயிருந்தார். இவளுக்கும் இதழினிக்கும் சேர்த்து அவர்தான் போய்க் கடலைப் பார்க்க வேண்டும் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"என்ன அஞ்சு, குட்டிக்கு ஜாஸ்தியா இருக்கா?" பின்னால் கூட்டத்தின் இரைச்சல், பலூன்காரன் ஊதல்.

"தூங்குது. எனக்குக் கையெல்லாம் அரிக்குதுங்க. அந்த ஃபில்டரத் தொட்டதுலேருந்து."

"சோப்புத்தூள் மாத்தினல்ல, அதுவா இருக்கும்."

"அது இல்லைங்க. இது எனக்குத் தெரிஞ்ச அரிப்பு. எங்க நைனா சட்டையில வருமே, அது."

"உங்க நைனா சுத்தினது பாய்லருக்கு. அதையா கொண்டாந்து குழந்தைங்க ரூம்ல வைப்பான்? கம்பெனிக்காரனுக்கு அவ்ளோ அறிவு இருக்காதா?"

"நான் தேச்சுட்டேன். மடிப்பெல்லாம் பிசிறு பிசிறா வந்துச்சு. அது காத்துல வந்தா?"

"நீயா ஒண்ண நெனச்சுக்கினு பயப்படாத. வெளக்கு என்ன கலர்ல எரியுது?"

"நீலம்."

"அப்புறம் என்ன? சாயங்காலம் வந்து பாக்கறேன். இவனுங்க ரெண்டு பேரும் தண்ணிகிட்ட ஓடறானுங்க, வெச்சிடறேன்."

அப்புறம் என்ன. அவர் கெட்டவர் இல்லை. குழந்தை இருமினால் அவளுக்கு முன்னால் எழுந்து உட்காருகிறவர். ஆனால் ஒரு விளக்கை நம்புவார், பெண்டாட்டியின் தோலை நம்ப மாட்டார். விளக்குக்குக் கம்பெனி இருக்கிறது, டப்பா இருக்கிறது, தோலுக்கு என்ன இருக்கிறது? டப்பா என்றதும் பரண் ஞாபகம் வந்தது. முக்காலியைப் போட்டு ஏறி, இருமலை வரவழைக்கும் தூசிக்கு நடுவிலிருந்து மெஷின் வந்த அட்டைப்பெட்டியை இறக்கினாள். இதிலும் குழந்தை சிரித்தது. பக்கவாட்டில் எறும்பு எழுத்தில் என்னென்னவோ, அதற்குக் கீழே ஒரு படம்: குழாய், அதிலிருந்து ஒரு சொட்டு, இரண்டின் மேலும் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. அவள் திடுக்கிடவில்லை. அதுதான் அவளுக்கே கசந்தது. இந்தப் படத்தை முன்பே பார்த்திருக்கிறாள். பி.காம். படித்தவள், படம் புரியாதவள் இல்லை. கழுவாதே என்றால் புதுசு வாங்கு என்று அர்த்தம், நம்மிடம் விற்கப் பார்க்கிறான், நாம் ஏமாறக் கூடாது என்றுதான் அன்றைக்கு நினைத்தாள். இத்தனை வருஷம் எல்லாரும் எதையெதையோ சொல்லித் தலையில் கட்டியதில், உண்மையைச் சொன்னபோது அதுவும் வியாபாரமாகத் தெரிந்தது. அவனாவது, கழுவினால் இந்த நார் பிய்யும், பிய்ந்தால் குழந்தை மூக்குக்குப் போகும் என்று நாலு வார்த்தை எழுதியிருக்கலாம். எழுத மாட்டான். எழுதினால் இதற்குள் நார் இருக்கிறது என்று தெரிந்துவிடும், அப்புறம் எவன் வாங்குவான்? குழந்தை சிரிக்கிற படத்துக்கு மட்டும் அத்தனை இடம் கிடைத்தது. நைனாவுக்கும் அப்படித்தான் யாரும் எதையும் சொல்லவில்லை. மூக்குக்கு ஒரு கைக்குட்டை, அதுவும் வீட்டிலிருந்து கொண்டுபோனது. பின்னால் இருமல் வந்து, கம்பெனி டாக்டர் முன்னால் உட்கார்ந்தபோது, பீடி பிடிப்பீர்களா என்று கேட்டார். எப்பயாவது சார், தீவாளி பொங்கலுக்கு என்று நைனா உள்ளதைச் சொன்னார். எழுதிக்கொண்டார்கள். அந்த எப்பயாவதுதான் அவரைத் தின்றது, கண்ணாடி இல்லை என்று முடிந்துபோயிற்று. இல்லை, கண்ணாடிதான் என்று யாராலும் உறுதியாகச் சொல்லவும் முடியவில்லை. அதுதானே இதில் இருக்கிற சௌகரியம். நாளைக்கு இதழினிக்கு ஏதாவது ஆனால் என்னைக் கேட்பார்கள். புகையா? ஊரா? பரம்பரையா? அம்மா என்ன செய்துகொண்டிருந்தாள்? எப்பயாவது ஃபில்டரைக் கழுவுவீர்களா?

அப்படியானால் அணைத்துவிடு. எழுந்து ஜன்னலருகே போனாள். அணைத்தால்? மூடிய கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வானம் பழுப்பாக இருந்தது, எதிர் மனையில் போகியன்று கொளுத்திய டயர்க் குவியல் இன்னும் உள்ளுக்குள் கனன்று மெல்லிய கோடாகப் புகைந்தது, யாரும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றவில்லை, இவளும் ஊற்றவில்லை. அந்தக் காற்றில் இந்தக் குழந்தை நேற்று இரவு, மெஷின் இல்லாமல், தோளில் நிமிர்த்திப் போட்டால்தான் தூங்குவேன் என்று விடியவிடியத் தோளிலேயே கிடந்தது. இறக்கினால் விசில், தூக்கினால் அடங்கும். படுத்தால்தான் இழுக்கும், தூக்கிவைத்தால் சரியாகிவிடும் என்று அந்தப் பிஞ்சுக்கே தெரியும். மெஷின் ஓடினால் கண்ணாடி, நின்றால் புகை. இரண்டில் எது பரவாயில்லை என்று ஒரு தாய் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது, காணும் பொங்கலன்று, ஊரே கரும்பைக் கடித்துக்கொண்டு கடலைப் பார்க்கும்போது. ஓடட்டும், சாயங்காலம் அவர் வருவார். வந்து? கையை வைத்துப் பார்ப்பார், அரிக்காது, அவருடைய கைக்கு இந்தப் பாடம் நடக்கவில்லை. ஒருவேளை நிஜமாகவே சோப்புத்தூள்தானோ. அப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். ஒரு அற்பச் சோப்புத்தூளாக இருக்கவேண்டும் என்று அவள் மனசார வேண்டிக்கொண்டாள், அந்த வேண்டுதலுக்கு நடுவிலேயே கழுத்து சுருக்கென்றது. ஆஸ்பத்திரியில் கடைசி நாளில் நைனா ஆக்ஸிஜன் குழாயை ஒதுக்கிவிட்டு, கிட்ட வா என்றார். அவள் கட்டிலுக்கு எட்டவே நின்றாள். கோபம் எல்லாம் இல்லை. பழக்கம், அவ்வளவுதான். கால் முன்னால் போகவில்லை. அவர் இரண்டாவது முறை கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்கலாம் என்று அவள் இன்றுவரை அவர்மேல் கோபமாக இருக்கிறாள். செத்துப்போனவர்மேல் கோபப்படுவது எவ்வளவு கேவலம் என்று தெரிந்தும் இருக்கிறாள். ஒரு தடவை, ஒரே ஒரு சாயங்காலம், பரவாயில்லை அரிக்கட்டும் என்று தூக்கியிருந்தால் என்ன? செத்தா போயிருப்பேன்? இதழினி தூக்கத்தில் இருமினாள். வறண்ட இருமல். தொண்டையில் எதையோ எடுக்கப் பார்க்கிற மாதிரி மறுபடியும் இருமினாள். அஞ்சுகம் சுவிட்சைத் தட்டினாள்.

மெஷின் இழுத்து ஒரு மூச்சு விட்டு நின்றது. நீல விளக்கு போயிற்று. முதுகுப்பக்கம் திறந்து ஃபில்டரை உருவி, பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இறுக்கி முடிச்சுப் போட்டு, பால்கனிக் கதவைத் துளியே துளி திறந்து வெளியே வைத்துவிட்டுச் சாத்தினாள். அதற்குள் டயர் வாசனை உள்ளே வந்துவிட்டது. இத்தனை நாளாக அந்த இரைச்சலில் பழகிய குழந்தையைச் சத்தம் நின்றதுதான் எழுப்பியது போலிருக்கிறது. எழுந்து உட்கார்ந்திருந்தாள், முடி கலைந்து, ஒரு கன்னத்தில் தலையணை மடிப்பின் கோடு. மூச்சை வாங்கி, வாங்கி, பிறகு பேசினாள்.

"ம்மா. தூக்கு."

இரண்டு கையையும் நீட்டினாள். அஞ்சுகம் இரண்டே எட்டில் கட்டிலுக்குப் போய்விட்டாள், குனிந்தும்விட்டாள். மேற்கு ஜன்னல் வெயில் அவள்மேல் விழுந்தது. மார்பில், நைட்டி முழுக்க, ஃபில்டரை அணைத்துக்கொண்டு மாடிப்படி இறங்கிய இடமெல்லாம், மினுங்கியது. தோளிலும் மினுங்கியது, குழந்தை கன்னத்தை வைக்கும் அதே தோளில். அவள் பின்னால் நகர்ந்தாள். கை இரண்டும் தாமாகத் தலைக்கு மேலே போயின.

"தொடாத. தள்ளி நில்லு."

அது அதட்டலாக வந்தது. மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தாள், குரல் அவளுடையதாகவே இல்லை. இரு கண்ணு, அம்மா குளிச்சிட்டு வந்துடறேன், துணி மாத்திட்டு வந்து தூக்கறேன், என்னவெல்லாமோ சொன்னாள், அப்போதும் கையை இறக்கவில்லை. கட்டில் மேலும் கட்டிலுக்கு எட்டவும் நாலு கை அந்தரத்தில் நின்றன. விசில் பெரிதாகக் கேட்டது. அழுதிருந்தால் தேவலை. அம்மா தன்னைப் பார்த்து இப்படி நிற்பதை இதழினி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையை இறக்கிக்கொண்டு, மெதுவாக, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.